ஐந்து சென்டிமீட்டர் பொறாமை

கொசுவின் நோட்டில் பத்தொன்பது கம்ப்யூட்டர்கள் இருந்தன. வீட்டில் ஒன்றுகூட இல்லை.

இல்லை என்று சொன்னால் அம்மா சண்டைக்கு வருவார். அம்மாவின் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. அதன் திரை தானாக நிற்காது, சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். அதில் ஏதாவது விளையாட்டைத் திறந்தால் மிக்ஸி மாதிரி இரைந்துவிட்டு அப்படியே உறைந்துபோகும்.

கொசு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. ஆள் ஒல்லி. ஒன்று வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தால், கிடைக்கும்வரை காதுக்குப் பக்கத்திலேயே நின்று 'ங்ஙொய்ங்' என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அதனால் அப்பா வைத்த பெயர் அது. வயது பதினொன்று.

ஒரு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது கேமிங் கம்ப்யூட்டர்.

"முழுப்பரீட்சை முடியட்டும். இவ்வளவுதான் நம்மால முடியும். இதுக்கு மேல ஒரு பைசா கிடையாது" என்று அப்பா ஒரு தொகையைச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து கொசு அந்தத் தொகைக்குள் கம்ப்யூட்டர் செய்ய ஆரம்பித்தாள். நோட்டில்தான்.

ஒவ்வொரு பக்கமும் ஒரு கம்ப்யூட்டர். திரை, கீபோர்டு, ப்ராசஸர், பாகங்களை மாட்டும் மதர்போர்டு, ரேம், படங்களைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கடைசியில் எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடும் கேபினெட். ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால் விலை. பென்சில்தான் சரி. விலை மாறிக்கொண்டே இருக்கும்.

அது லேசான வேலை இல்லை. நல்ல கிராபிக்ஸ் கார்டாகப் போட்டால் ப்ராசஸருக்குப் போதாது. ப்ராசஸரை உயர்த்தினால் ரேம் பாதியாகிவிடும். சின்னப் போர்வையை இழுத்துப் போர்த்துவது மாதிரி, தலையை மூடினால் கால் வெளியே தெரியும்.

பத்தொன்பதாவது பக்கத்தில்தான் தலையும் மூடியது, காலும் மூடியது. போன வருட மாடல் கிராபிக்ஸ் கார்டு ஒன்று விலை இறங்கியிருந்தது. மூன்று விசிறி வைத்த நீளமான கார்டு. அதைப் போட்டதும் எல்லாம் கச்சிதமாகத் தொகைக்குள் உட்கார்ந்துவிட்டது. கொசு அந்தப் பக்கத்தைச் சுற்றிப் பூ வரைந்தாள்.

அடுத்த வாரம் அப்பாவுக்குப் பல்வலி வந்தது.

ஒரு பல் என்றால் பரவாயில்லை. மூன்று பற்கள் ஒன்றாகச் சேர்ந்து மக்கர் செய்தன. அப்பா பஸ் ஓட்டுபவர். கன்னத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பஸ் ஓட்ட முடியுமா? பல் டாக்டரிடம் நாலு தடவை போய் வந்தார். கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்த தொகை முழுவதும் அப்பாவின் வாய்க்குள் போய்விட்டது.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா கண்ணு" என்றார் அப்பா.

கொசுவுக்குக் கோபம் இல்லை. அப்பா பத்து நாள் கஞ்சி குடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அப்பா வாய்விட்டுச் சிரிக்கும்போதெல்லாம் அவள் கண் தானாக அங்கே போகும். 'அதோ என் ப்ராசஸர். பக்கத்துல என் ரேம். அந்தக் கடைசிப் பல்லுதான் கிராபிக்ஸ் கார்டு.'

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ் மாடியிலிருந்து பெரியப்பாவும் ராக்கெட்டும் ஏறி வந்தார்கள்.

ராக்கெட் பெரியப்பாவின் மகன். எதையும் யோசிக்காமல் சர்ரென்று கிளம்பிவிடுவான், அதனால் அந்தப் பெயர். கொசுவைவிட இரண்டு மாதம் பெரியவன். அந்த இரண்டு மாதத்தை வைத்துக்கொண்டு, "அண்ணான்னு கூப்பிடு" என்று அதட்டுவான். கொசு ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"கொசுக்குட்டி, உன்னாலதான் ஒரு வேலை ஆகணும்" என்றார் பெரியப்பா. அவர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் விரல் நுனியில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அன்று மஞ்சள். "உங்க பெரியம்மாவுக்குச் சம்பளம் ஏறியிருக்கு. இவனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டா. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீதான் லிஸ்ட் போட்டுத் தரணும்."

கொசுவின் அடிவயிற்றில் யாரோ தீக்குச்சியைக் கிழித்தது போல இருந்தது.

"இவனுக்கா?"

"எனக்குத்தான்!" ராக்கெட் சோபாவில் ஒரு குதி குதித்தான். "நேத்துதான் கேட்டேன். இன்னிக்கு சரின்னுட்டாங்க!"

நேற்றுக் கேட்டானாம். இன்று கிடைத்துவிட்டதாம். ஒரு வருடம் 'ங்ஙொய்ங்' என்று கேட்டவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள்!

பெரியப்பா ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அதில் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று எழுதியிருந்தது. கொசு பார்த்தாள். அப்பா சொல்லியிருந்த அதே தொகை. நூல் பிசகாமல் அதே தொகை.

"கலர் கலரா லைட் எரியணும். அது முக்கியம்" என்றார் பெரியப்பா.

"ரேம் நூறு போட்டுக்கலாமா?" என்றான் ராக்கெட்.

"ரேம் பதினாறு போதும்" என்றாள் கொசு பல்லைக் கடித்துக்கொண்டு.

"ப்ராசஸர் எவ்வளவு பெருசு வேணும்? இவ்வளவா?" அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"பிஸ்கட் அளவுதான்டா இருக்கும்!"

பிஸ்கட் அளவு என்பதுகூடத் தெரியாதவனுக்குக் கேமிங் கம்ப்யூட்டர்!

அவர்கள் போன பிறகு கொசு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். யாருக்காவது எங்காவது வலித்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

"வயிறு வலிக்குதா?"

"வலிக்கல."

"பின்ன ஏன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே?"

"எரியுது."

அம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எக்ஸ்ரேல தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாலையில் கொசு நோட்டைத் திறந்தாள். புதிதாக யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. தொகை அதேதான். பூப் போட்ட பத்தொன்பதாவது பக்கத்தை அப்படியே பார்த்து ஒரு சீட்டில் எழுதினால் போதும்.

எழுதினாள். ப்ராசஸர், மதர்போர்டு, ரேம். ஒவ்வொரு வரியும் அவள் வாரக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்தது. ஒவ்வொன்றையும் தன் கையால் எடுத்து ராக்கெட்டின் மேசையில் வைப்பது போல இருந்தது. மூன்று விசிறி வைத்த அந்தக் கிராபிக்ஸ் கார்டை எழுதும்போது பென்சில் முனை உடைந்தது.

கடைசி வரி கேபினெட்.

பத்தொன்பதாவது பக்கத்தில் இருந்தது சாதாரணக் கறுப்புக் கேபினெட். பெரியது. உள்ளே தாராளமாக இடம் உண்டு. லைட் கிடையாது.

கொசுவுக்கு இன்னொரு கேபினெட் ஞாபகம் வந்தது. குட்டியாக, வெள்ளையாக, ஏழு கலரில் விளக்கு எரியும். அதைப் பார்த்தால் பெரியப்பா குதிப்பார். கொஞ்சம்தான் விலை அதிகம், கீபோர்டை மலிவாகப் போட்டால் சரிக்கட்டிவிடலாம். ஒரே ஒரு விஷயம். அதற்குள் இருபத்தைந்து சென்டிமீட்டர் கார்டுதான் நுழையும். இவள் எழுதியிருக்கும் கார்டு முப்பது சென்டிமீட்டர்.

ஐந்து சென்டிமீட்டர் வெளியே நிற்கும்.

கொசு நகத்தைக் கடித்தாள். 'பெரிய தப்பு ஒண்ணும் இல்லையே. எதுவும் உடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிப் பாப்பான். நுழையாது. ஒரு வாரம் முழிப்பான். அப்புறம் மாத்திக்குவாங்க. ஒரு வருஷம் காத்திருந்தவ நான். அவன் ஒரு வாரம் காத்திருக்கக் கூடாதா?'

குட்டி வெள்ளைக் கேபினெட்டின் பெயரை எழுதினாள். கீபோர்டை மாற்றினாள். நோட்டை மூடிவிட்டாள்.

மறுநாள் மாலை எல்லோரும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். கொசு வரவில்லை என்றுதான் சொன்னாள். "நீ இல்லாம எப்படி?" என்று பெரியப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கடை சின்னது. தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். கடைக்கார அக்கா கொண்டையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருந்தார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பில் புத்தகம், வாய் நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ராக்கெட் நீட்டிய சீட்டை அவர் மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு புருவத்தை உயர்த்தி இன்னொரு தடவை பார்த்தார்.

"ப்ராசஸருக்கும் போர்டுக்கும் சரியாப் பொருந்துது. ரேமும் சரி. இந்தத் தொகைக்கு இவ்வளவு நல்ல கார்டா? லிஸ்ட் யார் போட்டது?"

"என் தங்கச்சிதான்க்கா!" என்றான் ராக்கெட். "ஒரு வருஷமா இதையேதான் படிக்கிறா. இதுல அவளுக்குத் தெரியாதது ஒண்ணுமே கிடையாது. எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் மிஸ்ஸே அவகிட்டதான் சந்தேகம் கேப்பாங்க!"

கடைசியாகச் சொன்னது பொய். மிஸ் ஒரே ஒரு தடவை, ப்ரொஜெக்டர் ஒயர் எங்கே என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் ராக்கெட் அதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். தானே எல்லாம் படித்து முடித்தவன் மாதிரி.

கொசு தலையைக் குனிந்துகொண்டாள். வயிறு இப்போதும் எரிந்தது. ஆனால் இது வேறு மாதிரி எரிச்சல்.

பெட்டிகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. குட்டி வெள்ளைக் கேபினெட் வந்ததும், அக்கா அதன் மாதிரி ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்துக் காட்டினார். சிவப்பு, நீலம், ஊதா என்று மாறி மாறி எரிந்தது.

"அடேங்கப்பா! என் கடையிலகூட இந்த ஷேடு இல்ல" என்று பெரியப்பா வாயைப் பிளந்தார்.

அப்போதுதான் கொசு சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு பலகை தொங்கியது.

'பெட்டி பிரித்த பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறையும் படித்தாள். எழுத்து மாறவில்லை.

'அப்புறம் மாத்திக்குவாங்க' என்றுதானே நினைத்தாள்? மாற்ற முடியாது. பிரித்துவிட்டால் அவ்வளவுதான். கார்டும் இருக்கும், கேபினெட்டும் இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று போகாது.

"நம்ம வீட்டுக்குப் போற வரைக்கும் யாரு காத்திருக்கறது?" என்றான் ராக்கெட். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். கேபினெட் பெட்டியின் டேப்பில் சாவியின் முனையை வைத்தான்.

"டேய், பிரிக்காதே!"

கொசு போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

"ஏன்?"

"அந்தக் கேபினெட் வேணாம். கார்டு அதுக்குள்ள நுழையாது. அஞ்சு சென்டிமீட்டர் இடிக்கும்."

கடைக்கார அக்கா போனைக் கீழே வைத்தார். கார்டு பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். கேபினெட் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட ஆமா! அவசரத்துல நானே கவனிக்கல. நல்லவேளை பாப்பா, நீ பாத்தே!"

"பாத்தீங்களா எங்க கொசுவை!" பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "இந்த வயசுல என்ன ஒரு கவனம்!"

"நான்தான் சொன்னேன்ல" என்றான் ராக்கெட்.

கொசுவுக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அடுத்த சிக்கல் உடனே வந்தது. நீளமான கார்டு நுழையும்படி, கலர் விளக்கும் எரியும்படி இருந்த பெரிய கேபினெட் தொகையைத் தாண்டியது. தொகைக்குள் இருந்தது சாதாரணக் கறுப்புக் கேபினெட்தான். அதை எடுத்தால் நல்ல கீபோர்டும் வாங்கலாம்.

பெரியப்பா கறுப்புக் கேபினெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் வாடிவிட்டது. "அடிப்பிடிச்ச சட்டி மாதிரி இருக்கேம்மா."

ராக்கெட்டின் முகமும் தொங்கியது. "கார்டைச் சின்னதா மாத்திட்டா? அப்போ லைட் கேபினெட் வாங்கலாம்ல?"

"மாத்தலாம். ஆனா கேம் தடங்கித் தடங்கித்தான் ஓடும்" என்றாள் கொசு. "நீ விளையாடறப்போ திரையைப் பாப்பியா, பெட்டியைப் பாப்பியா?"

"திரையைத்தான்."

"அப்போ கார்டை விடாதே." அவள் கறுப்புக் கேபினெட்டின் மேல் விரலால் தட்டினாள். டங் டங் என்றது. நல்ல தகரம். அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் விரல் நுனியில் இன்று நீலம்.

"பெரியப்பா, இது தகரம்தானே? இதுக்குப் பெயிண்ட் அடிக்க முடியாதா?"

பெரியப்பா கேபினெட்டை இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையில் அது ஏற்கெனவே நிறம் மாற ஆரம்பித்துவிட்டது.

"முடியாதாவா? யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்கறே! மேலாக்க லேசாத் தேய்ச்சு, ஒரு கோட் பிரைமர், ரெண்டு கோட் பெயிண்ட். டேய், பொன்வண்டுப் பச்சை பாத்திருக்கியா? வெயில்ல பாத்தா ஒரு பச்சை, நிழல்ல பாத்தா ஒரு பச்சை. ஊர்ல எவன் கம்ப்யூட்டரும் அந்தக் கலர்ல இருக்காது!"

"எவன்கிட்டயும் இருக்காதா?" ராக்கெட்டின் தொங்கிய முகம் நிமிர்ந்தது.

"உள்ளே எதையும் மாட்டறதுக்கு முன்னாடி அடிச்சுடுங்க. வெளிப்பக்கம் மட்டும்" என்றார் கடைக்கார அக்கா. "நல்லாக் காயணும். மூணு நாள் கையே வைக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு நேராக மொட்டைமாடிக்குப் போய்விட்டார். கொசுவும் ராக்கெட்டும் மற்ற பெட்டிகளைச் சுமந்துகொண்டு படியேறினார்கள். ராக்கெட் பேசிக்கொண்டே வந்தான்.

"நீ மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும் சொல்லு. எல்லாத்தையும் பிரிச்சுட்டு உக்காந்து அழுதிருப்பேன்."

கொசு படியில் நின்றாள்.

"நான் கடையில கண்டுபிடிக்கலடா."

"என்ன?"

"நுழையாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்."

ராக்கெட்டுக்குப் புரியவில்லை. "ஏன் அப்படி எழுதினே?"

"உனக்குக் கிடைக்குதேன்னு பொறாமை." அவள் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு வருஷம் நான் கேட்டேன். நீ ஒரே நாள்ல வாங்கிட்டே. நீ ஒரு வாரமாவது கஷ்டப்படணும்னு நெனச்சேன். அந்தப் பலகையைப் பாத்தப்புறம்தான் திருப்பித் தர முடியாதுன்னு தெரிஞ்சுது."

ராக்கெட் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தன் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டான். தன் வீட்டுக்குள் போனான். கதவைக் காலால் சாத்தினான்.

மூன்று நாள் பெயிண்ட் காய்ந்தது. மூன்று நாளும் ராக்கெட் பேசவில்லை.

கொசு தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் மொட்டைமாடிக்குப் போனாள். செய்தித்தாள் மேல் கேபினெட் நின்றது. பெரியப்பா சொன்னது சரிதான், வெயிலில் ஒரு பச்சை, நிழலில் ஒரு பச்சை. அவ்வளவு அழகாக இருந்தது. பார்க்கப் பார்க்க வயிறு லேசாக எரிந்தது. 'உண்மையைச் சொல்லியாச்சு. அப்பவும் எரியுதே' என்று அவளுக்கே அலுப்பாக இருந்தது.

வியாழக்கிழமை மாலை ராக்கெட் மேலே வந்தான். கதவருகே நின்று சுவரைப் பார்த்துப் பேசினான்.

"உங்கூட நான் பேசல. ஆனா ப்ராசஸர்ல ஒரு சின்ன முக்கோணம் இருக்கு. அது எந்தப் பக்கம் வரணும்?"

"போர்டுலயும் ஒரு முக்கோணம் இருக்கும். ரெண்டும் ஒரே மூலையில வரணும்."

"ம்."

போனான். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான்.

"இன்னும் பேசலதான். ரேமுக்கு நாலு இடம் இருக்கு. ரெண்டுதான் ரேம் இருக்கு."

"நானே வர்றேன்" என்று கொசு எழுந்தாள்.

பெரியப்பா வீட்டுக் கூடத்தில் தரை முழுக்கப் பெட்டிகள். நடுவில் பெரியப்பா உட்கார்ந்து விளக்கப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"அப்பா, ரேமை எங்க வைக்கணும்னு அவளைக் கேளு" என்றான் ராக்கெட்.

"ரெண்டாவதுலயும் நாலாவதுலயும்னு சொல்லுங்க பெரியப்பா."

"ரெண்டு, நாலு" என்றார் பெரியப்பா.

"டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தச் சொல்லுங்க."

"டக்குன்னு அழுத்துடா."

"அழுத்தினா உடைஞ்சுடாதான்னு கேளுப்பா."

பெரியப்பா புத்தகத்தைக் கீழே போட்டார். "ரெண்டு பேரும் ஒரு முழ தூரத்துல உக்காந்திருக்கீங்க. எனக்கென்ன போஸ்ட்மேன் வேலையா? என்னதான் சண்டை உங்களுக்குள்ள?"

ராக்கெட் கொசுவைப் பார்த்தான். சொல்லிவிடுவானோ?

"எங்களுக்குள்ள ஒண்ணு. அதை நாங்க பாத்துக்கறோம்" என்றான் ராக்கெட். "நீ போய் டீ குடிப்பா."

பெரியப்பா உள்ளே போனதும் ராக்கெட் ரேமை அழுத்தினான். டக். இன்னொன்று. டக். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னான்.

"உன்னோட எட்டாவது பிறந்தநாளுக்குச் சித்தப்பா சைக்கிள் வாங்கித் தந்தாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. முதல் நாளே ரெண்டு டயர்லயும் காத்து போயிடுச்சே."

"தானாப் போகல."

கொசு அவனைப் பார்த்தாள். ராக்கெட்டின் காது சிவந்திருந்தது.

"அது நீயா! எதிர்வீட்டு நாய் கடிச்சுடுச்சுன்னுல்ல நெனச்சேன்! மூணு வருஷமா அந்த நாயை முறைச்சுக்கிட்டு இருக்கேன்டா!"

"தெரியும். உன்னைப் பாத்தாலே அது வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடும்." ராக்கெட் உதட்டைக் கடித்தான். "என்கிட்ட அப்போ பழைய சைக்கிள்தான் இருந்துது. நீ பெல் அடிச்சுக்கிட்டே என்னைத் தாண்டிப் போனே. தாங்கல."

"மூணு வருஷமா சொல்லவே இல்லையே நீ!"

"நீ மூணு நாள்கூட ஆகாம சொல்லிட்டே." அவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "அதை நெனச்சாத்தான் எனக்குக் கோபமே வருது."

கொசுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ராக்கெட்டும் சிரித்துவிட்டான். பெரியப்பா டீக் கிளாஸோடு எட்டிப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கொசு சொன்னாள், ராக்கெட் திருகினான். சில சமயம் ராக்கெட் பிடித்துக்கொண்டான், கொசு திருகினாள். அவள் ஒரு வருடமாக நோட்டில் எழுதி அழித்த பெயர்கள் எல்லாம் இப்போது கையில் கனமாக, குளிர்ச்சியாக இருந்தன. மூன்று விசிறிக் கார்டை அவள்தான் உள்ளே இறக்கினாள். பச்சைக் கேபினெட்டுக்குள் அது தாராளமாகப் போய் உட்கார்ந்தது.

"ஆன் பண்ணட்டுமா?" ராக்கெட்டின் விரல் ஏற்கெனவே பொத்தானில் இருந்தது.

விசிறிகள் சுழன்றன. சத்தம் கேட்டுப் பெரியப்பாவும் வந்தார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

திரை கறுப்பாகவே இருந்தது.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. ராக்கெட் மெதுவாகக் கொசுவின் பக்கம் திரும்பினான். "இதுவும்..."

"இல்லடா! சத்தியமா இல்ல!"

அவன் அவள் முகத்தையே பார்த்தான். ஒரு தடவை ஏமாற்றியவளை அவன் ஏன் நம்ப வேண்டும்?

"சரி" என்றான் ராக்கெட். "அப்போ வேற என்னவா இருக்கும்? பாரு."

அந்த 'சரி' போதும். கொசு மேசைக்கு அடியில் நுழைந்தாள். ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தாள். பவர் சரி. கார்டுக்குப் போகும் ஒயர் சரி. திரையின் ஒயர்...

"திரை ஒயரை மாட்டினது யாரு?"

"நான்தான். ஏன்?"

"மதர்போர்டுல மாட்டியிருக்கே. இவ்வளவு பெரிய கார்டு எதுக்கு வாங்கினோம்? அதுலதான் மாட்டணும்!" அவள் ஒயரைப் பிடுங்கிக் கார்டின் பின்னால் செருகினாள்.

திரையில் வெளிச்சம் வந்தது.

பெரியப்பா கை தட்டினார். ராக்கெட் கூடத்தை மூன்று முறை சுற்றி ஓடினான். கொசு மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்துகொண்டு சுழலும் மூன்று விசிறிகளையும் பார்த்தாள். அவள் பட்டியல் வேலை செய்தது. ஒவ்வொரு வரியும் வேலை செய்தது.

உள்ளே மென்பொருள், விளையாட்டு எல்லாம் ஏற்றி முடிக்கச் சனிக்கிழமை ஆகிவிட்டது. முதல் ஆட்டம் கார்ப் பந்தயம். ராக்கெட்தான் உட்கார்ந்தான், அவன் கம்ப்யூட்டர் ஆயிற்றே. சர்ரென்று கிளம்பினான். முதல் வளைவிலேயே சுவரில் மோதினான். இரண்டாவது வளைவில் கடலில் விழுந்தான். மூன்றாவது முறை எதிர்த்திசையில் ஓட்டி, எல்லோருக்கும் பின்னால் வந்து சேர்ந்தான்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு" என்றான் ராக்கெட் கோபத்தோடு. "எந்தப் பாகத்தையாவது மாத்தணும்னு நெனக்கிறேன்."

கொசு கேபினெட்டைச் சுற்றிப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். டாக்டர் மாதிரி தட்டியும் பார்த்தாள்.

"ஆமாண்ணா. உள்ளே எல்லாம் சரியாத்தான் இருக்கு. நாற்காலியில உக்காந்திருக்கற பாகத்தைத்தான் மாத்தணும்."

பெரியப்பா குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது. ராக்கெட் முறைத்தான். பிறகு அவள் முதல்முறையாக அண்ணா என்று கூப்பிட்டது உறைத்தது. எழுந்து இடம் விட்டான்.

கொசு உட்கார்ந்தாள். கால் தரையைத் தொடவில்லை. பரவாயில்லை, கை கீபோர்டைத் தொட்டது. திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது, மஞ்சள் எரிந்தது, பச்சை எரிந்தது.

கொசு பறந்தாள்.